வீட்டு நாஸ் பெட்டியில் டிஸ்க் மாற்றுவதும் ரீசெட் செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரூட்டரோடு ஒரே ஒரு கேபிளால் இணைந்து, அலமாரியின் மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் சிறு பெட்டிதான் நாஸ். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். குழந்தையின் முதல் நடை, அப்பாவின் மருத்துவ அறிக்கைகள், நிலப் பத்திரங்களின் நகல் என்று ஒரு குடும்பத்தின் நினைவெல்லாம் அதற்குள் கிடக்கும். ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் உழைத்த பெட்டி ஒருநாள் குரல் எழுப்பும்போதுதான் அதைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது புரிகிறது.

நான் நெடுநாள் கையாண்டு பழகியது சினாலஜி நிறுவனத்தின் இரண்டு டிஸ்க் போடும் டிஸ்க்ஸ்டேஷன் மாதிரிகளை. அதனால் இங்குள்ள பதில்கள் அந்தப் பெட்டிகளையும் அவற்றில் ஓடும் டி.எஸ்.எம். 7 மென்பொருளையும் (கணினியின் பிரௌசரில் திறப்பது) வைத்து எழுதியவை. மற்ற நிறுவனங்களின் பெட்டிகளுக்குத் தனிக் கேள்வி ஒன்று உண்டு. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க் செத்ததால் படங்களை இழந்தவர்களைவிட, டிஸ்க் செத்த பிறகு அவசரத்தில் எதையோ செய்து இழந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நள்ளிரவில் பெட்டி பீப் பீப் என்று கத்துகிறது, ஆரஞ்சு விளக்கு எரிகிறது. முதலில் என்ன செய்வது?

சத்தத்தை நிறுத்துங்கள். டி.எஸ்.எம். திரையின் கண்ட்ரோல் பேனலில் ஹார்ட்வேர் அண்ட் பவர் பகுதிக்குப் போனால் பீப் ஒலியை அடக்கும் பொத்தான் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்காதீர்கள், டிஸ்க்கை உருவாதீர்கள், ரீசெட் துளையைத் தொடாதீர்கள். பிறகு அதே திரையில் டிஸ்க்குகளின் நிலையைக் காட்டும் ஸ்டோரேஜ் மேனேஜரைத் திறந்து என்ன சொல்கிறது என்று ஒருமுறை முழுவதும் படித்து, திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி இன்னும் திறக்கிறது, கோப்புகள் தெரிகின்றன என்றால், மிக முக்கியமான கோப்புறைகளை அந்த இரவிலேயே வேறொரு யூ.எஸ்.பி. டிஸ்க்குக்குப் படியெடுங்கள். மற்றவை காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

"டிகிரேடட்" என்று காட்டுகிறது. எல்லாம் போய்விட்டதா?

போகவில்லை. இரண்டு தூண்களில் நின்ற கூரை இப்போது ஒரே தூணில் நிற்கிறது என்று பொருள்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் ரெய்டு முறைக்கு அந்தப் பெயரைத் தந்தது, 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. அதில் ரெய்டு 1 என்பது கண்ணாடிப் பிரதி. ஒரு டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் அப்படியே மற்றதிலும் எழுதப்படும். சினாலஜியில் பலரும் தேர்ந்தெடுக்கும் எஸ்.எச்.ஆர். முறையும் இரண்டு டிஸ்க் பெட்டியில் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே ஒன்று விழுந்தால் மற்றதில் முழுப் பிரதி இருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. உங்கள் பெட்டி உண்மையிலேயே ரெய்டு 1 அல்லது எஸ்.எச்.ஆர். முறையில்தான் அமைக்கப்பட்டிருக்கிறதா என்று ஸ்டோரேஜ் மேனேஜரில் பாருங்கள். இடம் அதிகம் கிடைக்கும் என்று ரெய்டு 0 அல்லது ஜேபாட் முறையில் போட்டிருந்தால் இரண்டாம் பிரதி எங்கும் கிடையாது. அங்கே ஒரு டிஸ்க் இறந்தால் மொத்தமும் இறந்த மாதிரி. பேசிக் என்று இருந்தால் ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனி, போனதற்கு நகல் இல்லை. இதைப் பார்க்காமல் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டாம்.

டிஸ்க் உண்மையிலேயே கெட்டுவிட்டதா, இல்லை வேறு கோளாறா?

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பேடு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் ஸ்மார்ட். ஸ்டோரேஜ் மேனேஜரில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து உடல்நிலை விவரத்தைத் திறந்தால் வரிசை எண்களோடு ஒரு பட்டியல் வரும். அதில் மூன்று வரிகள் போதும்.

5-ஆம் எண் வரி, கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளைச் சொல்கிறது. 197-ஆம் எண் வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பகுதிகளைச் சொல்கிறது. 5-இல் சிறிய எண் ஒன்று மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் கண்காணித்தால் போதும். வாரந்தோறும் ஏறிக்கொண்டே போனாலோ 197-இல் எண் தோன்றி நிலைத்தாலோ மாற்றிவிடுங்கள். மூன்றாவது, 199-ஆம் எண் வரி. இது டிஸ்க்குக்கும் பெட்டிக்கும் இடையே பேச்சு தடைபட்ட கணக்கு. இது மட்டும் ஏறுகிறது, மற்ற இரண்டும் பூஜ்ஜியம் என்றால் டிஸ்க் பெரும்பாலும் நலம். இணைப்பு முனையில்தான் சிக்கல். பெட்டியை முறைப்படி அணைத்து, டிஸ்க்கை எடுத்து, முனையில் படிந்த தூசியை ஊதி, அதே இடத்தில் இறுக்கமாகச் செருகினால் சரியாகிவிடும். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

எந்த டிஸ்க்கை உருவ வேண்டும் என்று எப்படி உறுதி செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

இடது, வலது என்ற நினைவை நம்பாதீர்கள். "முதல் டிஸ்க்" என்று திரை சொல்வது எந்தப் பக்கம் என்பதில் குழம்பியவர்கள் ஏராளம். பெட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தால் இடம் வலமாகிவிடும். டிஸ்க்குக்கு ஒரே அடையாளம் அதன் வரிசை எண்தான். ஸ்டோரேஜ் மேனேஜரில் கெட்ட டிஸ்க்கின் விவரத்தைத் திறந்தால் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை எண் தெரியும். அதன் கடைசி நான்கு எழுத்துகளைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதே எண் டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள வெள்ளைத் தாளில் பட்டைக் கோட்டுக்குக் கீழே அச்சாகியிருக்கும்.

நான் செய்வது இது. புதிய டிஸ்க்கைத் தட்டில் பொருத்தும் நாளிலேயே, தட்டின் கைப்பிடி மேல் சிறு காகித நாடா ஒட்டி, வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளையும் வாங்கிய மாதத்தையும் பென்சிலால் எழுதிவிடுவேன். பேனா மை சூட்டில் மங்கிவிடுகிறது. பென்சில் எழுத்து ஆறு ஆண்டு கழித்தும் படிக்க முடிந்தது. ஆரஞ்சு விளக்கு எரியும் நாளில், கை நடுங்கும்போது, அந்த நான்கு எழுத்துகள் தரும் நிதானம் பெரிது.

நாடா ஒட்டாமல் விட்டவர்கள் பெட்டியை முறைப்படி அணைத்துவிட்டு, ஒரு டிஸ்க்கை மட்டும் பாதி வெளியே இழுத்து எண்ணைப் பாருங்கள். தவறானது என்றால் அதே இடத்தில் திரும்பத் தள்ளிவிட்டு மற்றதைப் பாருங்கள். அணைத்த நிலையில் இப்படிப் பார்ப்பதால் எந்தத் தீங்கும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு தூணில் நிற்கும் கூரையிலிருந்து அந்த ஒரே தூணை உருவினால்தான் ஆபத்து.

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாமா?

மாதிரியைப் பொறுத்தது. முன்பக்கத்தில் இழுக்கும் தட்டுகள் உள்ள பிளஸ் வரிசை மாதிரிகளில் ஓடும்போதே மாற்ற முடியும். ஜே வரிசைப் பெட்டிகளில் டிஸ்க்குகள் மூடிக்குள் திருகி வைக்கப்பட்டிருக்கும். அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, திருப்புளியால் திறந்துதான் மாற்ற வேண்டும்.

மாற்ற முடியும் என்பதால் ஓடும்போதே மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வீட்டில் பத்து நிமிடம் பெட்டி அணைந்திருந்தால் எந்தக் குடியும் மூழ்கிவிடாது. அணைத்து மாற்றுவதையே நான் எல்லாருக்கும் சொல்கிறேன். ஓடும்போதே மாற்றுவதாக இருந்தால், மாற்றப்போகும் டிஸ்க் இன்னும் உயிரோடு இருந்தால் அதை முதலில் ஸ்டோரேஜ் மேனேஜரில் "டிஆக்டிவேட்" செய்துவிட்டு, தட்டைச் சிறிது மட்டும் இழுத்து, உள்ளே சுழலும் தகடு நிற்க அரை நிமிடம் கொடுத்து, பிறகு முழுதாக வெளியே எடுங்கள். சுழலும் டிஸ்க்கைச் சாய்ப்பது அதற்கு நல்லதல்ல.

புதிய டிஸ்க்காக எதை வாங்குவது?

அளவில் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். சிறியதை ஏற்காது. 4 டி.பி. டிஸ்க் திரையில் 3.6 டி.பி. என்று தெரிவது குறையல்ல. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், மென்பொருள் 1024 ஆகப் பெருக்குகிறது, அவ்வளவுதான்.

அடுத்து, எழுதும் முறை. சி.எம்.ஆர். முறையில் தடங்கள் பக்கம் பக்கமாகப் போடப்படும். எஸ்.எம்.ஆர். முறையில் ஓட்டு வீட்டின் ஓடுகள் போல ஒன்றின் மேல் ஒன்று படியும். ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். அன்றாடம் இது தெரியாது. டிஸ்க் மாற்றிய பிறகு நடக்கும் நீண்ட தொடர் எழுத்தில் மூச்சு வாங்கிவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டி.பி. வரையிலான சில டிஸ்க்குகள், பெட்டியில் எங்கும் குறிப்பிடாமல், எஸ்.எம்.ஆர். முறையில் வந்தது வெளிப்பட்டுப் பெரும் சர்ச்சையானது. அதன் பிறகு சி.எம்.ஆர். டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. நாஸுக்கு ரெட் பிளஸ் அல்லது சீகேட் அயர்ன்வுல்ஃப் வாங்கினால் இந்தக் கவலை இல்லை. இரண்டுக்கும் 3 ஆண்டு உத்தரவாதம், ப்ரோ வகைகளுக்கு 5 ஆண்டு.

விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நின்று யோசியுங்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைஸ் செய்தித்தளம், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் ஸ்மார்ட் குறிப்பேடு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்படுவதை வெளிக்கொண்டு வந்தது. வந்த டிஸ்க்கின் திருகு ஓரங்களில் கீறல் இருக்கிறதா, இணைப்பு முனையில் செருகிய தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வரிசை எண்ணை நிறுவனத்தின் உத்தரவாதப் பக்கத்தில் கொடுத்துச் சரிபாருங்கள்.

2025-இல் வந்த பிளஸ் மாதிரிகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அவை முதலில் சினாலஜி அங்கீகரித்த டிஸ்க்குகளையே கேட்டன. அதே ஆண்டு அக்டோபரில் வந்த டி.எஸ்.எம். 7.3 அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஆகவே மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு வாங்குங்கள்.

புதியதைப் போட்டுவிட்டேன். இன்னும் டிகிரேடட் என்றே காட்டுகிறதே?

தானாக ஆரம்பிக்கும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்டோரேஜ் மேனேஜரில் அந்த ஸ்டோரேஜ் பூலை (டிஸ்க்குகள் சேர்ந்த தொகுப்பை) தேர்ந்தெடுத்து "ரிப்பேர்" கொடுக்க வேண்டும். புதிய டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிக்கப்படும் என்று எச்சரிக்கும். அந்த இடத்தில் மறுபடியும் வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

நேரத்தைக் கணக்கிடுவது எளிது. வினாடிக்கு 150 எம்.பி. வேகத்தில் 4 டி.பி. எழுத ஏறத்தாழ ஏழரை மணி நேரம், 8 டி.பி. எழுத 15 மணி நேரம். அந்த நேரத்தில் வீட்டில் படம் பார்த்தால், செல்பேசிப் படங்கள் வந்து ஏறினால், இன்னும் நீளும். டி.எஸ்.எம். 7-இல் உள்ள விரைவு ரிப்பேர் வசதி காலியிடத்தைத் தாண்டிப் போவதால் பாதி நிரம்பிய பெட்டியில் நேரம் கணிசமாகக் குறையும்.

இந்த மணி நேரங்களில் பழைய டிஸ்க் முதலிலிருந்து கடைசி வரை படிக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியிருந்தால் இரண்டுக்கும் ஒரே வயது. ஒன்றுக்கு வந்த நோய் மற்றதன் வாசலிலும் நிற்கக்கூடும். அதனால்தான் ரிப்பேர் கொடுப்பதற்கு முன்பே முக்கியமானவற்றை வெளியே படியெடுக்கச் சொன்னேன்.

நடுவில் மின்சாரம் போனால்?

மின்சாரம் வந்ததும் பெட்டி எழுந்து ரிப்பேரைத் தொடரும், அல்லது மறுபடி தொடங்கச் சொல்லும். ரிப்பேர் தடைபடுவதைவிட, அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்புகளும் கோப்பு அமைப்பின் குறிப்புகளும் அரைகுறையாக நிற்பதுதான் பெரிய தொல்லை.

"வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்று பலர் சொல்கிறார்கள். இன்வெர்ட்டர் பெட்டியை ஓட வைக்கும், அது உண்மை. ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று நாஸிடம் சொல்ல அதற்கு வாயில்லை. சிறிய யூ.பி.எஸ். ஒன்றை யூ.எஸ்.பி. கம்பியால் நாஸுடன் இணைத்தால், பேட்டரி தாழும்போது செய்தி போய், பெட்டி கோப்புகளையெல்லாம் மூடிவிட்டுத் தானே பாதுகாப்பு நிலைக்குச் சென்றுவிடும். இன்வெர்ட்டருக்குப் பின்னால் இந்தச் சிறிய யூ.பி.எஸ்.ஸை வைப்பது நம் ஊர் மின்வெட்டுக்குப் பொருத்தமான ஏற்பாடு. ரிப்பேரை மட்டும், மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளுக்கு முந்தைய இரவில் தொடங்காதீர்கள்.

டிஸ்க் கெடவில்லை, இடம்தான் போதவில்லை. இரண்டையும் பெரிதாக்குவது எப்படி?

ஒன்றன் பின் ஒன்றாக. முதல் டிஸ்க்கை எடுத்துப் பெரியதைப் போட்டு, ரிப்பேர் முழுவதும் முடிந்து "ஹெல்தி" என்று வந்த பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். முதலாவது முடிந்ததும் இடம் கூடவில்லையே என்று பதற வேண்டாம். கண்ணாடிப் பிரதியில் சிறிய டிஸ்க்கின் அளவுதான் கணக்கு. இரண்டாவதும் முடிந்த பின்னரே இடம் விரியும். சில அமைப்புகளில் வால்யூமை, அதாவது கோப்புகள் இருக்கும் இடத்தை, நீங்களே விரிக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நன்மை இருக்கிறது. முதலில் உருவிய பழைய டிஸ்க் கெட்டுப்போனதல்ல. அதற்குள் அன்றைய தேதி வரையிலான உங்கள் தரவு முழுவதும் இருக்கிறது. எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஓடும் வரை அதை அழிக்காமல், தேதி எழுதி, காகித உறையில் போட்டு அலமாரியில் வைத்திருங்கள்.

உருவிய டிஸ்க்கைக் கணினியில் செருகிப் பார்க்கலாமா?

விண்டோஸ் கணினியில் வேண்டாம். இந்த டிஸ்க்குகளில் உள்ள கோப்பு அமைப்பு லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. விண்டோஸுக்கு அது புரியாது. புரியவில்லை என்று சொல்லாமல், "இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று கேட்கும்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பெட்டி அணைந்து எழவில்லை என்று டிஸ்க்கைக் கழற்றித் துணிப்பையில் போட்டு ஒரு பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போனார். கடைப் பையன் கணினியில் செருகினான், கேள்வி வந்தது, சரி என்று அழுத்தினான். அதற்கு ஆன நேரம் ஒரு வினாடிகூட இல்லை. பிறகு மீட்பு மென்பொருளை இரண்டு நாள் ஓடவிட்டதில் படங்களில் பெரும்பகுதி கிடைத்தது. ஆனால் கோப்புறைகளின் பெயர்களும் கோப்புகளின் பெயர்களும் போய்விட்டன. பேத்தியின் பெயர் சூட்டு விழா, மகளின் திருமணம், மறைந்த அண்ணனின் கடைசிப் பொங்கல் எல்லாம் வெறும் எண்களாக ஒரே குவியலில் கிடந்தன. அவரும் மனைவியும் கணினி முன் அமர்ந்து, உடுத்திய புடவையையும் சுவரின் சாயத்தையும் வைத்து எந்த ஆண்டுப் படம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மூன்று மாதம் ஆயிற்று.

பார்த்தே ஆக வேண்டும் என்றால், உபுண்டு லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்து கணினியில் ஏற்றி, அதில் ரெய்டு தொகுப்பைத் திறக்கும் கருவிகளை நிறுவி, வாசிக்க மட்டும் என்ற நிலையில் திறக்க முடியும். சினாலஜியின் உதவிப் பக்கங்களிலேயே அந்த வழிமுறை இருக்கிறது. உள்ளே "கடக் கடக்" என்று சத்தம் கேட்கும் டிஸ்க்கை மட்டும் எதிலும் செருகாதீர்கள். அதை அப்படியே தரவு மீட்பு நிபுணரிடம் கொடுப்பதுதான் வழி.

கடவுச்சொல் மறந்துவிட்டது. ரீசெட் செய்தால் படங்கள் அழிந்துவிடுமா?

சினாலஜி பெட்டியின் பின்புற ரீசெட் துளையால் படங்கள் அழியாது. இந்தப் பயத்தில் மாதக்கணக்கில் பெட்டியைத் திறக்காமலே வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். காரணத்தைச் சொன்னால் பயம் விலகும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் தொடக்கத்தில் சில ஜி.பி. அளவுக்குத் தனிப் பகுதி ஒன்று இருக்கிறது. டி.எஸ்.எம். மென்பொருள் குடியிருப்பது அங்கே. உங்கள் கோப்புகள் இருப்பது அதற்கப்பால், வேறு பகுதியில். ரீசெட் துளை முதல் பகுதியோடுதான் பேசுகிறது.

செய்யும் முறை இது. பெட்டி முழுதாக எழுந்து ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒரு ஜெம் கிளிப்பின் ஒரு காலை நேராக்கிக்கொள்ளுங்கள். பின்பக்கம் ரீசெட் என்று எழுதிய ஊசித் துளைக்குள் விட்டால், உள்ளே சிறு பொத்தான் அமுங்குவது விரலுக்குத் தெரியும். 4 வினாடி அழுத்திப் பிடியுங்கள். ஒரு பீப் கேட்டதும் உடனே விட்டுவிடுங்கள். மறுபடி தொடாதீர்கள்.

இதோடு அட்மின் என்ற கணக்கின் கடவுச்சொல் நீங்கிவிடும், ஐ.பி. முகவரியை ரூட்டரிடமிருந்து தானாகப் பெறும் நிலைக்குப் பெட்டி திரும்பும். நுழைவு போர்ட் எண்கள் பழையபடி 5000, 5001 ஆகும். ஃபயர்வால் விதிகள் அணையும். கணினியில் ஃபைண்ட்.சினாலஜி.காம் என்ற முகவரியில் பெட்டியைக் கண்டுபிடித்து, அட்மின் என்ற பெயரில், கடவுச்சொல் இடத்தைக் காலியாக விட்டு நுழைந்து, புதிய கடவுச்சொல்லை அமையுங்கள். பிறகு உங்கள் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, அதில் நுழைந்து, அட்மின் கணக்கை மறுபடி முடக்கிவிடுங்கள். எல்லாத் தாக்குதலும் முதலில் தட்டிப் பார்க்கும் பெயர் அதுதான். ஃபயர்வாலைத் திரும்ப இயக்க மறவாதீர்கள். செல்பேசி தொலைந்ததால் இரண்டாம் அடுக்குக் குறியீடு கிடைக்காமல் வெளியே நிற்பவர்களுக்கும் வழி இதுவே.

இரண்டு முறை அழுத்தும் ரீசெட் என்கிறார்களே, அது என்ன?

4 வினாடி அழுத்தி, பீப் கேட்டு விட்டு, அடுத்த 10 வினாடிக்குள் மறுபடி 4 வினாடி அழுத்தினால் மூன்று பீப் கேட்கும். இது டி.எஸ்.எம். மென்பொருளையே மறுபடி நிறுவுவதற்கான வழி. அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போகும், கோப்புகள் இருக்கும். மென்பொருளே சிதைந்து பெட்டி எழாமல் நிற்கும்போது மட்டும் இதற்குப் போங்கள். மறுபடி நிறுவும்போது திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். டிஸ்க்கில் உள்ள தரவு அழிக்கப்படும் என்று எங்கேனும் சொன்னால் அங்கேயே நில்லுங்கள்.

கண்ட்ரோல் பேனலில் அப்டேட் அண்ட் ரெஸ்டோர் பகுதிக்குள் "அனைத்துத் தரவையும் அழி" என்ற பொருளில் மூன்றாவது ரீசெட் ஒன்று இருக்கிறது. அது பெயருக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் அழிக்கும். அதே பகுதியில் அமைப்புகளைக் கோப்பாக எடுத்து வைக்கும் வசதியும் உண்டு. பயனர் பெயர்கள், அனுமதிகள் எல்லாம் அதில் அடங்கும். நல்ல நாளில் அதை எடுத்துக் கணினியில் வைத்திருந்தால் ரீசெட்டுக்குப் பிறகு ஒரு மாலை நேர உழைப்பு மிச்சம்.

ரீசெட்டுக்குப் பிறகு ஒரு கோப்புறை பூட்டியபடியே இருக்கிறது. ஏன்?

அது குறியாக்கம் செய்த கோப்புறை. பெட்டி எழும்போது அதைத் தானாகத் திறக்கும் ஏற்பாட்டை ரீசெட் நீக்கிவிடுகிறது. பெட்டியைத் திருடியவர் ஒரு ஜெம் கிளிப்பால் உள்ளே நுழைந்துவிடக் கூடாதே என்பதற்கான நல்ல காவல் இது. உருவாக்கிய நாளில் வைத்த குறியாக்கச் சொல் அல்லது பதிவிறக்கிய சாவிக் கோப்பு இருந்தால் திறக்கும். இரண்டும் இல்லையென்றால் யாராலும் திறக்க முடியாது.

மற்ற நிறுவனங்களின் பெட்டிகளிலும் இப்படித்தானா?

இல்லை, இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். கியூநாப் பெட்டியில் 3 வினாடி அழுத்தினால் ஒரு பீப், அது கடவுச்சொல்லையும் நெட்வொர்க் அமைப்பையும் மட்டும் திருப்பும். 10 வினாடி பிடித்தால் இரண்டு பீப். பயனர்களும் பகிர்வுக் கோப்புறைகளின் பட்டியலும் நீங்கிவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் வெறுமையாகத் தெரியும். தரவு டிஸ்க்கிலேயே இருக்கிறது. பழைய பெயர்களிலேயே கோப்புறைகளை மறுபடி உருவாக்கினால் தெரியவரும். பின்னர் வந்த பல பதிப்புகளில் தொடக்கக் கடவுச்சொல் அட்மின் அல்ல, பெட்டியில் ஒட்டிய தாளில் உள்ள மேக் முகவரி (நெட்வொர்க் முனையின் அடையாள எண்).

வேறு சில பெட்டிகளில் தொழிற்சாலை நிலை ரீசெட் என்பது கோப்புகளையும் சேர்த்தே துடைப்பது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் அப்படிப்பட்டது. 2021 ஜூன் மாதக் கடைசியில் உலகெங்கும் அதை வைத்திருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தபோது பெட்டிகள் காலியாக இருந்தன. இணையம் வழியே யாரோ ரீசெட் கட்டளை அனுப்பியிருந்தார்கள். 2011-இல் செய்த ஒரு நிரல் மாற்றத்தில், ரீசெட் செய்பவர் உரிமையாளர்தானா என்று கேட்கும் வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன. 2015-க்குப் பிறகு அந்தப் பெட்டிக்குப் புதுப்பிப்பே வரவில்லை. யாரும் டிஸ்க்கைத் தொடவில்லை, எந்த டிஸ்க்கும் கெடவில்லை, படங்கள் மட்டும் இல்லை. பழைய பெட்டியை இணையத்துக்குத் திறந்து வைத்திருப்பவர்கள் இன்றே ரூட்டரில் அந்த வழியை மூடிவிடுங்கள்.

டிஸ்க்குகள் நலம், பெட்டிதான் செத்துவிட்டது. புதிய பெட்டிக்கு மாற்ற முடியுமா?

சினாலஜியிலிருந்து சினாலஜிக்கு முடியும். புதிய பெட்டியை அணைத்த நிலையில் வைத்து, டிஸ்க்குகளை அதே வரிசையில் போட்டு இயக்கினால், தரவையும் அமைப்புகளையும் வைத்துக்கொண்டு குடிபெயரலாம் என்று கேட்கும். புதிய பெட்டியில் வேறு டிஸ்க் எதையும் முன்கூட்டியே போடாதீர்கள். பழையதில் பி.டி.ஆர்.எஃப்.எஸ். கோப்பு அமைப்பு இருந்தால் புதிய மாதிரியும் அதை ஏற்பதாக இருக்க வேண்டும். எல்லா மாதிரிகளும் ஏற்பதில்லை, வாங்கும் முன் பாருங்கள். வேறு நிறுவனப் பெட்டிக்குள் போட்டால் புதிதாக அமைக்கத்தான் முற்படும். அங்கே இந்த வழி இல்லை.

இரண்டு டிஸ்க்கில் இருக்கிறதே, தனியாக பேக்கப் எதற்கு?

கண்ணாடி நல்லதை மட்டும் காட்டுவதில்லை. பேரன் ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழிகிறது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் புகுந்தால் இரண்டும் பூட்டப்படும். 2014-இல் சினாலஜி பெட்டிகளையும் 2022-இல் கியூநாப் பெட்டிகளையும் குறிவைத்து இப்படி நடந்தது. திருடன் பெட்டியோடு தூக்கினால் இரண்டும் போகும். ரெய்டு காப்பது டிஸ்க் சாவிலிருந்து மட்டும்.

ஹைப்பர் பேக்கப் என்ற செயலி பெட்டியிலேயே இருக்கிறது. ஒரு யூ.எஸ்.பி. டிஸ்க்கில் வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, எடுத்ததும் கழற்றி வையுங்கள். இன்னொரு பிரதியை அக்கா வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் திறந்து பாருங்கள்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

இன்னும் ஓடுகிறது, யாருக்கோ கொடுக்கப் போகிறீர்கள் என்றால், ஸ்டோரேஜ் மேனேஜரில் உள்ள பாதுகாப்பான அழிப்பை முழுவதும் ஓடவிடுங்கள். கோப்புகளை டெலீட் செய்வது மட்டும் போதாது. கெட்டுப்போய் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் மாற்றித் தருவார்கள், ஆனால் டிஸ்க் அவர்களிடம் போய்விடும். குடும்ப ஆவணங்கள் திறந்த நிலையில் இருந்த டிஸ்க் என்றால் உத்தரவாதத்தை விட்டுவிடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். துளைக்கும் இயந்திரத்தால் தகடுகள் வழியே மூன்று நான்கு துளை போடுங்கள், சிறிய 2.5 அங்குல டிஸ்க்குகளில் தகடு கண்ணாடியால் ஆனதாக இருந்து நொறுங்கித் தெறிக்கும் என்பதால், கண்ணுக்குக் காப்பு அணிந்து, டிஸ்க்கைத் தடித்த துணியில் சுற்றிக்கொண்டு செய்யுங்கள். பிறகு மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.